ஒத்திவைக்கப்படாத அவை

ஜூலை 9, 1974, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். மாதிரி அவையைத் தொடங்கி வைத்தவள், ஒத்திவைக்க மறந்து கிளம்பிவிட்டேன். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன், அடுத்த முறை மறக்கக் கூடாது.

எழுதி முடித்த பிறகும் நெல்டா ஹாஸ்கின்ஸ் பேனாவை மூடவில்லை. 'யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை' என்ற வரியை அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எதையும் உறுதியாகச் சொல்லிவிட்டால் அவளுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். மாலை வகுப்பில் சேர்ந்து நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய பிறகு அந்தச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நடந்தது இவ்வளவுதான்.

ஆற்றங்கரைக் குன்றின்மேல் நிற்கும் பழைய சட்டமன்றத்தில் அவள் வழிகாட்டியாகச் சேர்ந்து ஒரு வசந்தமும் கொஞ்சம் கோடையும் ஆகியிருந்தன. தலைநகரம் ரயில் நகரத்துக்குப் போன பிறகு அந்தச் சுண்ணாம்புக்கல் கட்டடம் கோர்ட்டாக இருந்தது, தானியக் கிடங்காக இருந்தது, புறாக் கூண்டாகவும் இருந்தது. இப்போது அருங்காட்சியகம். செவ்வாய் மதியம் ஓய்வுபெற்ற தபால்காரர்கள் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். நெல்டா அவர்களை மாடியிலிருந்த அவைக்கூடத்துக்கு அழைத்துப்போய் உறுப்பினர்களின் பழைய மேசைகளில் உட்கார வைத்தாள். தலைவர் நாற்காலியில் தான் ஏறி அமர்ந்து, கடைசிக் கூட்டத்தின் கதையைச் சொன்னாள்.

நூறு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரிப் பனிப்புயல். சட்டப்படி நள்ளிரவோடு கூட்டத்தொடர் முடிய வேண்டும். தலைநகரை மாற்றும் மசோதா நிறைவேறக் 'கோரம்', அதாவது சட்டம் கேட்கும் குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லை; எதிர்ப்பவர்கள் வேண்டுமென்றே வீட்டில் ஒளிந்திருந்தார்கள். தலைவர் சுவர்க்கடிகாரத்தை நிறுத்தச் சொன்னார். கதவைப் பூட்டச் சொன்னார். வராதவர்களைப் பிடித்துவரச் சபைக்காவலர் கேலப் ரட்டை அனுப்பினார். ரட் கறுப்புத் தடியோடு வீடு வீடாகப் போய், காய்ச்சலில் கிடந்த ஏமஸ் டன் என்பவரை வெறுங்காலோடு பனியில் இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். டன் அந்த நாற்காலியிலேயே செத்துப்போனார். எப்போது செத்தார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைத் தூக்கிக் காட்ட, அந்த ஓட்டும் எண்ணப்பட்டது. மசோதா நிறைவேறியதும் எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு பனிவண்டிகளுக்கு ஓடினார்கள். அவையை ஒத்திவைக்க யாருக்கும் நினைவில்லை. அவை முடியும்வரை கதவை விட்டு நகரக்கூடாது என்பது ரட்டுக்கு இட்ட கட்டளை. புயல் ஓய்ந்து ஆள் வந்து பார்த்தபோது கதவருகே நின்றபடியே விறைத்திருந்தார்.

"கவர்மென்ட் வேலைன்னா இப்படித்தான் பார்க்கணும்" என்றார் ஸ்வென்சன் என்ற கிழவர். "நாங்களும் பனியில நின்னவங்கதான். ஆனா சம்பளத்துக்கு மேல ஒரு நிமிஷம் நிக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து நெல்டாவின் அண்ணன் ராய்ஸ் பால்வண்டியை நிறுத்திவிட்டு அவளை அழைத்துப்போக மேலே வந்தான். பெற்றோர் போன பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தான்.

"ஒரு சீட்டு காலியா இருக்கு, உக்காரு" என்றாள் நெல்டா.

"எம்.எல்.ஏ. ஆக்கிட்டாளா என்னை? இனிமே பால் ஊத்த மாட்டேன், ஊத்தச் சொல்லி உத்தரவு போடுவேன்."

நெல்டா மரச்சுத்தியைத் தட்டி அவையைத் தொடங்கினாள். மாநிலத்தின் பலகாரம் எது, ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை'யா, செர்ரி வைத்ததா என்று விவாதம். ஸ்வென்சன் எழுந்து நின்று செர்ரியை இழிவுபடுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. கீழே பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். கிழவர்கள் தொப்பியைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். நெல்டா குடையைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

சுத்தி மேசைமேல் கிடந்தது.

மறுநாள் காலை அவைக்கூடத்தின் கதவு திறக்கவில்லை. சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கண்காணிப்பாளர் புரூயிட் படியேறி வந்தார். அவருக்கு நெல்டாவைப் பிடிக்காது. படித்த பெண் கேட்டவருக்குப் படிக்கிற பெண் கிடைத்தாள் என்று அவள் காதுபடவே சொல்வார்.

"நேத்து கடைசியா வெளிய வந்தது யாரு, மிஸ் ஹாஸ்கின்ஸ்?"

"நான்தான் சார்."

"அப்ப உள்ள தாழ்ப்பாள் போட்டது யாரு? புறாவா?"

தச்சர் வந்து கதவைப் பெயர்த்தார். உள்ளிருந்து வந்த காற்று ஜூலை மாதத்துக் காற்று அல்ல. நனைந்த கம்பளியின் வாடை. எண்ணெய் விளக்குப் புகையின் வாடை. அதற்கும் அடியில், மூடிய அறையில் நாட்பட்ட காய்ச்சலின் புளித்த வாடை. தரையில் வாசலிலிருந்து மேசைகள்வரை ஈரக் கோடுகள் இரண்டு, யாரையோ குதிகால் தேய இழுத்துவந்தது போல.

அந்தக் கோடுகள் முடிந்த இடத்தில் ஸ்வென்சன் உட்கார்ந்திருந்தார்.

இரவு உடையில் இருந்தார். காலில் ஒன்றும் இல்லை. புருவத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நெல்டா தொட்டுப் பார்த்தாள். அவள் விரல் சூட்டில் அது தண்ணீரானது.

அவர் வலது கை மேலே தூக்கிய நிலையிலேயே விறைத்திருந்தது.

டாக்டர், இதயம் நின்றுவிட்டது என்றார். போலீஸ்காரர், வயதானவர் தூக்கத்தில் நடந்து வந்திருப்பார் என்றார். எந்த ஊரிலிருந்து என்று நெல்டா கேட்டாள். பஸ்ஸில் பாதி நாள் வர வேண்டிய ஊர். போலீஸ்காரர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புரூயிட் அவளிடமிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இனிமே மாடிப்பக்கம் உன் நிழல் பட்டா பாரு. கீழ நின்னு டிக்கெட் கிழி. அதையாவது ஒழுங்கா கிழிப்பேல்ல?"

நெல்டாவுக்குத் தன்மீதுதான் முதல் சந்தேகம். கதவைச் சரியாகப் பூட்டினேனா? கிழவர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேனா? அன்று மாலை வகுப்பில் சட்டமன்ற நடைமுறைப் பாடம். கற்பித்த மிஸஸ் டோர்லன் புதிய தலைநகரில் அவைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். நாக்கில் கத்தரிக்கோல் வைத்திருப்பவர். நெல்டா கையைத் தூக்கினாள்.

"அவையைத் தொடங்கிட்டு ஒத்திவைக்காமப் போயிட்டா என்ன ஆகும், மேடம்?"

"என்ன ஆகும்? அவை நடந்துட்டே இருக்கும். கோரம் இருந்துச்சா?"

"இல்லை. கொஞ்சம் பேர்தான்."

"கோரம் இல்லாத அவைக்கு ரெண்டே வேலைதான் தெரியும். வராதவங்களை இழுத்துட்டு வரச் சொல்லலாம். இல்லைன்னா நாளைக்குன்னு ஒத்திவைக்கலாம். நாளைக்கு மட்டும்தான், கேட்டுக்கோ. ஒரேயடியா கலைச்சுட்டு வீட்டுக்குப் போகணும்னா கோரம் வேணும்."

"தலைவரே ஒத்திவைக்கலாமா?"

"நாற்காலியில உக்காந்தவ தீர்மானம் கொண்டுவரக் கூடாது. ஒரு உறுப்பினர் கொண்டுவரணும், இன்னொருத்தர் ஆதரிக்கணும், ஓட்டு எடுக்கணும். ஏம்மா, யாரைக் கூட்டி வச்சுக்கிட்டுத் தவிக்கிறே? பேய்களையா?"

வகுப்பே சிரித்தது. நெல்டாவும் சிரிக்கப் பார்த்தாள். வராதவர்களை இழுத்துக்கொண்டு வரலாம் என்ற சொற்களை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

செவ்வாயன்று மேசையில் உட்கார்ந்தவர்களில் ராய்ஸும் ஒருவன்.

வியாழன் காலை அவன் அடுப்படியில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றான். வெளியே காலையிலேயே தார் உருகும் வெயில்.

"என்னடா இது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி?"

"விடியக்காலை வண்டியை எடுக்கப் போனேன். எவனோ ஒருத்தன் வாசல்ல நின்னுட்டிருந்தான். தடியால பலகையைத் தட்டறான். என்னய்யா வேணும்னேன். 'உங்களை அவைக்கு அழைக்கிறாங்க'ன்னான். நான் ஓட்டே போட்டதில்ல, என்னை எதுக்குய்யா அழைக்கிறாங்கன்னு சிரிச்சேன்."

"அப்புறம்?"

"சட்டையைப் பிடிச்சான்."

"விட்டுட்டானா?"

"பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம்." ராய்ஸ் சிரிக்கவில்லை. பொத்தானைக் கழற்றிக் காட்டினான். கழுத்தின் பக்கத்தில் நான்கு விரல்கள் பதிந்த இடம், பனிக்கடி பட்ட தோல் போல வெளுத்து உரிந்திருந்தது. "இதை எந்த டாக்டர்கிட்ட காட்டச் சொல்றே? ஜூலை மாசத்துல?"

"நீ இன்னைக்கு வெளிய போகாதே. யார் தட்டினாலும் திறக்காதே. நான் போய் முடிச்சுட்டு வந்துடறேன்."

"என்னத்தை முடிக்கப் போறே?"

"நான் மூடாம வந்த அவையை."

புரூயிட் கேட்கவே தயாராக இல்லை. மாடிக்குப் போக வேண்டும், ஒரு நிமிடம் போதும் என்று காலையில் கெஞ்சினாள், மதியமும் கெஞ்சினாள். "செத்தவன் சூடு இன்னும் ஆறல, அதுக்குள்ள உனக்கு வேடிக்கை" என்றார். சூடு என்ற சொல்லைக் கேட்டு அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பிற்பகலில் ஆற்றுக்கு அப்பாலிருந்து மேகம் ஏறி வந்தது. குவிமாடத்தின் கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறமானது. பார்வையாளர்கள் மழைக்குமுன் வீடுபோய்ச் சேரக் கலைந்தார்கள். கூடம் காலியானதும் டிக்கெட் மேசையின் தொலைபேசி ஒலித்தது.

"நெல்லி." வீட்டுப் பெயர் சொல்லி அழைத்த ராய்ஸின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "வந்துட்டான். தட்டறான்."

"திறக்காதே!"

"நான் திறக்கல." ஒரு மூச்சு. "நெல்லி, கதவு பூட்டித்தான் இருக்கு. ஆனா இப்ப அவன் உள்ள தட்டறான்."

பிறகு பேச்சு இல்லை. மரத்தரையில் குதிகால்கள் தேயும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் தூரமாகிப் போனது.

நெல்டா வாசலுக்கு ஓடினாள். காலையில் தானே ஓட்டிவந்த பால்வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் ஓடினாள். படிக்குக் கீழே பாதை தெரியவில்லை. மழை சுவர் எழுப்பினாற்போல் நின்றது. அந்தச் சுவருக்குள்ளிருந்து தடி ஊன்றும் ஓசை வந்தது.

டக்.

அவள் தூணோடு ஒட்டிக்கொண்டாள். பெரிய கதவு தானாக விரியத் திறந்தது.

டக்.

ராய்ஸ் வந்தான். அவன் நடந்து வரவில்லை. அவன் சட்டைக் காலர் பின்பக்கம் மேலே இழுபட்டு நின்றது; அதைப் பிடித்திருந்த கை கண்ணுக்குத் தெரியவில்லை. கண்கள் திறந்திருந்தன. தலைமுடியில், மீசையில், தோளில் பனி. அவன் குதிகால்கள் பளிங்கில் இரண்டு ஈரக் கோடுகள் கிழித்துக்கொண்டு படியேறின. அவளைத் தாண்டிப் போகும்போது நனைந்த கம்பளி வாடை முகத்தில் அறைந்தது.

நெல்டா பின்னாலேயே ஓடினாள். புரூயிட் கதவை மறுபடி மாட்டிப் போட்டிருந்த புதுப்பூட்டு உடைந்து வாசலில் கிடந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவைக்கூடம் காலியாக இருந்தது.

காலியான ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் மூச்சு புகைந்துகொண்டிருந்தது.

ஸ்வென்சன் இருந்த இடத்திலும் மூச்சு. ஏமஸ் டன்னின் இடத்தில் மட்டும் மூச்சே இல்லை. ஆனால் மேசையின் தூசியில் ஒரு கை மெதுவாக ஊர்ந்து தடம் பதித்தது. ராய்ஸ் தன் நாற்காலியில் பொத்தென்று வைக்கப்பட்டான். அவன் உதடுகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

"கூட்டிட்டு வந்துட்டேன், தலைவரே" என்றது அவள் தோளுக்குப் பின்னால் ஒரு குரல். அடக்கமான குரல், வேலையில் குறை வைக்காதவனின் குரல். "கோரத்துக்கு இன்னும் பாக்கி இருக்காங்க. ராத்திரிக்குள்ள எல்லாரையும் கொண்டாந்துடறேன்."

தபால்காரர்கள். ஒவ்வொருவர் முகமும் அவளுக்கு நினைவு வந்தது.

மேடை ஏறினாள். தலைவர் நாற்காலி ஐஸ் கட்டியாகச் சுட்டது. சுத்தி செவ்வாயன்று விட்ட இடத்திலேயே கிடந்தது.

"ராய்ஸ். அவையை ஒத்திவைக்கணும்னு சொல்லு."

"குளிருது நெல்லி."

"தெரியும். சொல்லு."

"அம்மா அந்தக் கம்பளியை எங்க வச்சிருக்கா..."

"ராய்ஸ்! என்னைப் பாரு. ஒத்திவைக்கணும்னு சொல்லுடா!"

அவன் தாடை அசைந்தது. "ஒத்தி... வைக்கணும்."

"ஆதரிப்பவர் உண்டா?"

மூச்சுகள் மட்டும் ஏறி இறங்கின. ராய்ஸின் கண்ணிமைகள் மூடத் தொடங்கின. யாராவது, யாராவது ஒருவர் என்று நெல்டா மேசை மேசையாகப் பார்த்தாள்.

"நான் ஆதரிக்கிறேன்." கரகரத்த, களைத்த குரல். ஸ்வென்சனின் நாற்காலியிலிருந்து வந்தது. "பஸ் காத்துட்டிருக்கும்மா."

"ஏற்போர் 'ஆம்' என்க."

"ஆம்" என்றான் ராய்ஸ். "ஆம்" என்றது கிழவரின் குரல்.

"மறுப்போர் 'இல்லை' என்க."

*இல்லை.*

கூடமே சொன்னது. ஜன்னல்கள் அதிர்ந்தன. கூரைச் சுண்ணாம்பு அவள் தலையில் உதிர்ந்தது. அந்த ஒரு சொல்லில் நூறு வருடத்து வன்மம் இருந்தது: தூக்கத்திலிருந்து இழுக்கப்பட்டவர்கள், பூட்டி வைக்கப்பட்டவர்கள், தங்களைப்போல இன்னும் பலர் வந்து உட்கார வேண்டும் என்று காத்திருந்தவர்கள்.

தெரு விளக்கு எரிகிறதா என்பதைக்கூட இரண்டு தரம் பார்த்துவிட்டு நம்புகிறவள் நெல்டா. அவள் இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"'ஆம்' என்றவர்களே அதிகம் என்று தலைவருக்குத் தோன்றுகிறது" என்றாள். எண்ணிப் பார்க்கும்படி கேட்க எவரும் எழும் முன்னே சுத்தியை அடித்தாள்.

மூச்சுகள் எல்லாம் ஒரே கணத்தில் நின்றன.

இதே நாற்காலியிலிருந்து ஒருவர் செத்தவனின் ஓட்டை எண்ணியிருக்கிறார். தலைவரின் காது சொன்னதுதான் கணக்கு. சுத்தி விழுந்த பிறகு அதை மறுத்துப் பேச அந்த அவையில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

"எதுவரைக்கும், தலைவரே?"

குரல் இப்போது அவள் காதுக்கு அருகில் இருந்தது. காது மடல் மரத்துப்போனது. என்றென்றைக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. கோரம் இல்லை. சொன்னால் செல்லாது. செல்லாத ஒத்திவைப்புக்காக ரட் கதவைத் திறக்கமாட்டார்.

"நாளை காலை பத்து மணி வரை."

தாழ்ப்பாள் விலகியது.

"நல்லது, தலைவரே. காலைல நானே வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

புரூயிட் மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது நெல்டா அண்ணனைத் தோளில் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"பூட்டை உடைச்சியா? உன்னை நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாகப் புகைந்து வந்தது. அதையே பார்த்தார். பிறகு ராய்ஸின் தலையில் உருகும் பனியைப் பார்த்தார். அவர்கள் இருவரையும் முந்திக்கொண்டு படியில் இறங்கிப்போன ஈரப் பூட்ஸ் தடங்களையும் பார்த்தார். ஆளில்லாமல் ஒவ்வொரு படியாகத் தோன்றிக்கொண்டிருந்த தடங்கள்.

"நான் நாளைக்கு வந்தே ஆகணும், சார்" என்றாள் நெல்டா.

புரூயிட் வாதாடவில்லை. கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அவள் கையைத் தொடாமல் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு விலகி நின்றார்.

வீட்டில் ராய்ஸைச் சுடுநீரில் உட்கார வைத்தாள். சாயங்காலம் அவனுக்கு உதட்டில் நிறம் வந்தது, சூப் கேட்டான். உப்புக் குறைவு என்று குறை சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழுதாள்.

"நாளைக்கு மட்டும்தானே, நெல்லி?"

அவள் சூப்பில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். நாளைக்கும் கோரம் இருக்காது. நாளைக்கும் இன்னொரு நாளைக்குத்தான் ஒத்திவைக்க முடியும். நாளைக்கு அந்தக் கூட்டம் எண்ணிப் பார்க்கச் சொல்லவும் கூடும்.

மழை விட்டு வெயில் மறுபடி அடித்திருந்தது. தெருவெல்லாம் காய்ந்துவிட்டது. அவர்கள் வீட்டு முன்வாசல் பலகையில் மட்டும், இரண்டு பூட்ஸ் அளவுக்கு, ஈரம் காயவே இல்லை. பக்கத்து வீட்டு நாய் தெருவின் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனது. ஜன்னலைச் சாத்த நெல்டா அருகே போனாள். கண்ணாடியின் வெளிப்புறத்தில், ஓர் ஆள் முகம் இருக்கும் உயரத்தில், மூச்சின் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. அவசரமில்லாத மூச்சு.

அவள் திரையை இழுத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள்.

ஜூலை 11, வியாழன். நாளை செய்ய வேண்டியவை: காலையில் ராய்ஸை எழுப்ப வேண்டும். பின்கதவு வழியாகப் போகக் கூடாது, அவரை அலைய விடக் கூடாது. பத்து மணிக்கு அவையைக் கூட்ட வேண்டும். உடனே ஒத்திவைக்க வேண்டும். சாவியைத் திருப்பித் தர வேண்டாம், சனி ஞாயிறுக்கும் வேண்டியிருக்கும். குளிர்காலக் கோட்டுகள் இரண்டையும் பரணிலிருந்து இறக்கி வைக்க வேண்டும்.